தேறாத பானைகள் சொன்ன கதை



சூளை பிரிக்கும் நாளில் குயவருக்கு நெஞ்சு படபடக்கும். எத்தனை தேறியிருக்கும், எத்தனை கோணியிருக்கும், எத்தனை வெடித்திருக்கும்? பிரித்துப் பார்த்தால்தான் தெரியும். தேறியவை சந்தைக்குப் போய்விடும். தேறாதவற்றைச் சூளைக்குப் பக்கத்திலேயே குழியில் கொட்டிவிடுவார்கள். வடமேற்கு இங்கிலாந்தில், லிவர்பூலுக்கு அருகே உள்ள ரெயின்ஃபோர்டு என்ற கிராமம் தன் பழைய தொழிலைத் தெரிந்துகொண்டது அந்தத் தேறாத பானைகளிடமிருந்துதான்.

16ஆம் நூற்றாண்டிலேயே அங்கே பானை வனைந்தார்கள். அடுத்த நூற்றாண்டில் புகையிலை பிடிக்கும் களிமண் குழாய்களும் செய்தார்கள். வனைய நல்ல களிமண், சுட நிலக்கரி, இரண்டும் கைக்கெட்டும் தூரத்தில் கிடைத்தன. 2013ஆம் ஆண்டையொட்டி லிவர்பூல் அருங்காட்சியகமும் மெர்சிசைடு தொல்லியல் கழகமும் இணைந்து, ‘ரெயின்ஃபோர்டின் வேர்கள்’ என்ற திட்டத்தை நடத்தின. தோண்டியவர்களில் பெரும்பாலோர் ஊர்க்காரர்கள். சம்பளமில்லாமல் வந்தவர்கள்.

இத்தகைய வேலையில் எடுத்தவுடன் பெரிய அகழி வெட்டுவதில்லை. வீட்டுத் தோட்டத்தில் ஒரு மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலத்துக்கு ஒரு சோதனைக் குழி போடுவார்கள். புல்லைப் பெயர்த்து ஓரமாக வைத்துவிட்டு, பத்துப் பத்து சென்டிமீட்டராக மண்ணை எடுப்பார்கள். எடுத்த மண்ணையெல்லாம் சலிப்பார்கள். கிடைத்த ஓடுகளைப் பல் துலக்கும் பிரஷால் கழுவி, எந்தக் குழி, எந்த அடுக்கு என்று எழுதிப் பையில் போடுவார்கள். குழியை மூடி, புல்லைப் பழையபடி பதித்துவிடுவார்கள்.

நிபுணர்களே வந்து தோண்டிவிட்டுப் போகலாமே என்று தோன்றலாம். ஆனால் சூளை இருந்த இடங்களில் இன்று வீடுகள் நிற்கின்றன. எஞ்சியிருப்பது கொல்லைப்புறம்தான். அதைத் திறந்துவிட வீட்டுக்காரருக்கு மனம் வர வேண்டும். அந்த மனம் அண்டை வீட்டார் வந்து கேட்டால் எளிதில் வரும்.

இப்படிச் சேரும் சிறு குழிகளை லேசாக நினைத்துவிடக் கூடாது. கிழக்கு இங்கிலாந்தில் கரென்சா லூயிஸ் என்ற தொல்லியலாளரின் வழிகாட்டுதலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஊர்களில் மக்கள் ஏறத்தாழ 2,000 குழிகள் தோண்டினார்கள். 14ஆம் நூற்றாண்டின் கொள்ளைநோய்க்குப் பிந்தைய மண்ணில், பானை ஓடுகள் கிட்டத்தட்ட 45 விழுக்காடு குறைந்திருந்தன. அத்தனை வீடுகளில் அடுப்பு அணைந்துபோனதற்கு அந்த ஓடுகளே சாட்சி.

ரெயின்ஃபோர்டுக்கே திரும்புவோம். அங்கே செய்த கோப்பைகளில் சில, கருப்பாகப் பளபளக்கும் மெருகு பூசிய மெல்லிய கோப்பைகள். மெருகுக்கு ஈயம் சேர்ப்பார்கள். இரும்புச் சத்துள்ள சிவப்புக் களிமண்மேல் அது கருமையாகத் தெரியும்; வெள்ளைக் களிமண்மேல் மஞ்சளாகத் தெரியும். ஆனால் நிலக்கரித் தீயின் புகையும் சாம்பலும் நேரடியாகப் பட்டால் மெருகு கெட்டுவிடும். அதற்காகக் கோப்பையைத் தடித்த மண்கூட்டுக்குள் வைத்துச் சுட்டார்கள். வெப்பம் உள்ளே போக, கூட்டின் பக்கத்தில் துளை வெட்டினார்கள்.

இந்தக் கூடுகளை யாரும் விலைக்கு வாங்கியதில்லை, சந்தையில் வைத்ததுமில்லை. அதனால் ஒரு தோட்டத்தில் கூட்டின் துண்டுகள் குவியலாகக் கிடைத்தால், சூளை பக்கத்தில்தான் இருந்தது என்று துணிந்து சொல்லலாம். அழகான முழுக் கோப்பையை விட எனக்கு இந்தத் துண்டுகள்மேல்தான் மதிப்பு அதிகம். கோப்பை வேறெங்கோ செய்யப்பட்டு இங்கே வந்திருக்கலாம். கூடு அப்படி ஊர்விட்டு ஊர் போவதில்லை.

வீணாய்ப்போன கோப்பைகளையும் கூர்ந்து பார்க்க வேண்டும். உருகிய மெருகு வழிந்து விளிம்பில் சொட்டாக உறைந்திருந்தால், அதைக் கவிழ்த்து வைத்துச் சுட்டார்கள் என்று பொருள். இரண்டு கோப்பைகள் ஒட்டிக்கிடந்தால், அன்று அடுக்கு சரிந்திருக்கிறது. பெயரை எங்கும் எழுதி வைக்காத ஒரு குயவரின் ஒரு நாள் வேலையையும் அன்றைய நட்டத்தையும், இன்று அதே மண்ணில் குடியிருப்பவர் தன் கையில் எடுத்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறார்.