நகராண்மை மேசையில் நம் வீடு
(தொழிற்சங்கக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



சம்பளம், போனஸ், மருத்துவ லீவு என்று பேசுவதற்கே நேரம் போதாத நமது கூட்டத்தில், இன்று வீடு கட்டும் மனுவைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நகராண்மைக் கழகத்துக்கு ஒரு முதலாளி மனுப் போடுகிறார். அதிகாரிகள் கூடிப் பரிசீலிக்கிறார்கள். இதில் மங்கும் வாளியும் தூக்குகிற நமக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம்.

வேலை இருக்கிறது, தோழர்களே! பட்டணம் வளர்ந்துகொண்டே வருகிறது. பட்டணத்தின் ஓரத்தில் நிற்பது தோட்டம். இன்றைக்கு நிரை பிடித்து வெட்டுகிற இடத்தில் நாளைக்குத் தொடர்வீடும், டவுன்ஹவுஸும், ஐம்பது மாடிக் கட்டடமும் வரும். அதற்கான மனு நகராண்மை மேசைக்கு வருகிற அன்றே நம் லயத்தின் தலைவிதி பாதி எழுதப்பட்டுவிடுகிறது. லயத்தை இடிக்க இயந்திரம் வந்து நிற்கிற நாளில் கூச்சல் போடுவதைவிட, அந்த மேசைக்கு முன்னால் நின்று பேசக் கற்றுக்கொள்வது நல்லது. இதைச் சொல்லவே வந்தோம்.

செக்குரோலும் கிராண்டும்

நம் பாட்டனார் பேர் செக்குரோலில் இருந்தது. தகப்பனார் பேர் இருந்தது. நம் பேரும் இருக்கிறது. எத்தனை நாள் வேலைக்கு வந்தோம், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தோம் என்பதெல்லாம் கிராணியார் கையெழுத்தில் பத்திரமாக இருந்தது. ஆனால் நிலத்தின் கிராண்டில் நம் பேர் ஒருநாளும் ஏறவில்லை. நாம் இருக்கிற வீடு வேலையோடு வந்தது. வேலை போனால் வீடும் போகும்.

இந்த வேதனை புதிதல்ல. 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றபோது, வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். தோட்டத் துண்டாடல் என்று அதற்குப் பேர். 1951 முதல் 1960 வரை நடந்த துண்டாடலை உங்கு அப்துல் அஜீஸ் தலைமையில் ஆராய்ந்து அறிக்கை வெளியிட்டார்கள். பின்னால் தேசிய நிலச் சட்டத்தில் 214ஏ என்ற பிரிவைச் சேர்த்தார்கள். 40 ஹெக்டருக்குக் குறையாத தோட்ட நிலத்தைக் கைமாற்றுவதானால் தோட்ட நில வாரியத்தின் அனுமதி வேண்டும் என்பது அந்தப் பிரிவு. ஆனால் கைமாறி முடிந்த தோட்டத்தில் வீடு கட்டுகிறவரிடம் இந்தப் பிரிவு என்ன செய்யும்? அங்கே நமக்கு மிஞ்சுகிற இடம் நகராண்மை மேசை ஒன்றுதான்.

புக்கிட் கியாராவின் கதை

கோலாலம்பூரில் புக்கிட் கியாரா என்று ஒரு குன்று இருக்கிறது. ஒரு காலத்தில் அது கித்தாத் தோட்டம். பக்கத்தில் வசதியுள்ளவர்கள் வாழும் தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் குடியிருப்புகூட, 1970-களில் கித்தா மரங்களைச் சாய்த்துவிட்டு எழுப்பியதுதான். மிஞ்சிய தோட்டத்தை அரசாங்கம் பொதுக் காரியத்துக்கென்று எடுத்துக்கொண்டது. பால் வெட்டியவர்களுக்கு வேலை போயிற்று. சுமார் நூறு குடும்பங்களை 1982-ல் தற்காலிக நீளவீடுகளில் குடிவைத்தார்கள். நிரந்தர வீடு பின்னால் வரும் என்றார்கள்.

தற்காலிகம் என்ற வார்த்தைக்கு எத்தனை வயது, தோழர்களே? அங்கே பிறந்த பிள்ளை வளர்ந்து, கல்யாணம் முடித்து, பேரப்பிள்ளை எடுக்கிற வயதுக்கு வந்துவிட்டது. வீடு வரவில்லை.

பிறகு ஒரு திட்டம் வந்தது. நீளவீடுகளுக்குப் பக்கத்திலேயே தாமான் ரிம்பா கியாரா என்ற பொதுப் பூங்கா, சுமார் 25 ஏக்கர். அந்தப் பக்கத்தில் 12 ஏக்கர் நிலத்தில் எட்டு உயர்ந்த சொகுசுக் கட்டடங்கள். கூடவே மலிவு விலை வீடுகளுக்கு ஒரு கட்டடம். அந்த ஒரு கட்டடத்தில்தான் நம் ஜனங்களுக்கு இடம். 2017 ஜூலை மாதம் கோலாலம்பூர் டத்தோ பண்டார் இதற்கு அபிவிருத்தி உத்தரவு வழங்கினார். ஏக்கருக்கு 979 பேர் என்பது கணக்கு. ஒரு ஏக்கரில் எத்தனை கித்தா மரம் நிற்கும் என்பது நமக்குத் தெரியும். அந்த இடத்தில் 979 பேர் என்றால் சாலை என்னாகும், சாக்கடை என்னாகும், பிள்ளைகள் விளையாட எங்கே போவார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

தாமான் துன் வாசிகள் பூங்கா போகிறதே என்று எதிர்த்தார்கள். நீளவீட்டுக்காரர்களில் பலர், இந்தத் திட்டமும் போனால் நமக்கு வீடு எப்போது என்று திட்டத்தை ஆதரித்தார்கள். இரண்டு பக்கத்திலும் நியாயம் இருந்தது. ஆனால் பாருங்கள், ஒரே மலையடிவாரத்தில் வாழ்கிற இரண்டு ஜனங்கள் எதிரெதிரே நிற்கும்படி ஆயிற்று. ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்று பெரியவர்கள் சும்மாவா சொன்னார்கள்?

தீர்ப்பு சொன்ன பாடம்

வழக்கு 2017-ல் தொடங்கியது. 2018-ல் உயர்நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. 2021 ஜனவரியில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அபிவிருத்தி உத்தரவை ரத்துச் செய்தது. 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த ரத்தை ஏகமனதாக உறுதிப்படுத்தியது.

அந்தத் தீர்ப்பில் நாம் மனப்பாடம் செய்யவேண்டிய விஷயங்கள் மூன்று.

முதலாவது: நகரத்தின் அமைப்புத் திட்டம் அலமாரியில் வைத்துப் பூட்டுகிற காகிதமல்ல. கோலாலம்பூர் 2020 அமைப்புத் திட்டத்தில் அந்த இடம் பசுமையான பொது வெளி என்று குறிக்கப்பட்டிருந்தது. அதைக் கருத்தில் வைத்துத்தான் டத்தோ பண்டார் முடிவு செய்யவேண்டும். விலகுவதானால் தக்க காரணம் வேண்டும்.

இரண்டாவது: அதிகாரத்தில் இருப்பவர் தம் முடிவுக்குக் காரணம் சொல்லக் கடமைப்பட்டவர். 'கொடுத்தோம், அவ்வளவுதான்' என்று சொல்லிவிட்டுப் போகமுடியாது.

மூன்றாவது: மனுவைப் பரிசீலிப்பவருக்கு மனுதாரர் பக்கத்தில் பங்கிருக்கக் கூடாது. அந்த நிலம் யாயாசான் விலாயா பெர்செக்குத்துவான் என்ற அறநிறுவனத்தின் பேரில் இருந்தது. டத்தோ பண்டார் அதன் நிர்வாகக் குழுவிலும் இருந்தார். இந்த முரண்பாட்டையும் நீதிமன்றம் எடுத்துக்காட்டியது.

பூங்கா தப்பியது. நல்லது, நாம் மகிழ்கிறோம். ஆனால் தீர்ப்பு வந்த அன்று, நீளவீட்டுக்குப் போய் 41 வருஷம் ஆகியும் நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தவர்கள் யார்? நம் ஜனங்கள்தானே! உத்தரவை ரத்துச் செய்ய நீதிமன்றத்தால் முடிந்தது. வீடு கட்டிக் கொடுக்க நீதிமன்றத்தால் முடியாது.

இதிலிருந்து நாம் கற்கவேண்டியது ஒன்று. தோட்டத் தொழிலாளிக்கு வீடு கொடுப்பது ஒரு பழைய கடன். அந்தக் கடனை அடைப்பதற்குச் சொகுசு மாடங்கள் கட்ட அனுமதி வேண்டும் என்று இரண்டையும் ஒரே முடிச்சாகப் போட்டால், முடிச்சு அறுந்த அன்று நாம்தான் கீழே விழுகிறோம். நீளவீடு நிற்கிற இடத்திலேயே தாழ்ந்த தொடர்வீடுகள் கட்டிக்கொடுங்கள், பூங்காவும் பிழைக்கட்டும், குடும்பங்களும் பிழைக்கட்டும் என்று எதிர்த்தவர்களிலேயே பலர் சொன்னார்கள். அந்தப் பேச்சு முதல் நாளிலேயே இரண்டு பக்கத்தாரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியிருக்கவேண்டிய பேச்சு.

நேரம் தவறினால்

நேரம் தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பினாங்கில் கம்போங் புவா பாலாவைப் பாருங்கள். அங்கே தலைமுறை தலைமுறையாக மாடு வளர்த்து வாழ்ந்தவர்கள் நம்மவர்கள். நிலம் வேறு கைக்கு மாறி, கட்டடத் திட்டமும் ஒப்பந்தமும் உருவான பிறகுதான் போராட்டம் நாடு முழுவதும் கேட்டது. வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போயிற்று, பலிக்கவில்லை. 2009-ல் கிராமம் இடிக்கப்பட்டது. வெள்ளம் வருமுன் அணை போடவேண்டும், தோழர்களே.

மனு எப்படி நடக்கிறது?

தீபகற்ப மலேசியாவில் 1976-ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டம் இருக்கிறது. 172-ஆம் சட்டம் என்பார்கள். கோலாலம்பூருக்குத் தனியாக 1982-ஆம் ஆண்டின் 267-ஆம் சட்டம். வீடு கட்ட விரும்புகிறவர் 'கெபெனாரான் மெரஞ்சாங்' என்ற திட்ட அனுமதி கேட்டு மனுப் போடவேண்டும். கிராண்டில் 'விவசாயம்' என்றிருந்தால் அதைக் 'கட்டடம்' என்று மாற்ற மாநில அரசாங்கத்திடமும் கேட்கவேண்டும். சாலை, வடிகால், தீயணைப்பு என்று ஒவ்வொரு இலாகாவும் கருத்துச் சொல்லும். பிறகு அனுமதிக்கலாம், நிபந்தனையோடு அனுமதிக்கலாம், மறுக்கலாம்.

இதில் நமக்கு இடம் எங்கே? இங்கேதான் கவனிக்கவேண்டும். அந்த இடத்துக்கு உள்ளூர்த் திட்டம் இல்லாவிட்டால், பக்கத்து நிலச் சொந்தக்காரர்களுக்கு நகராண்மை அறிவிப்பு அனுப்பவேண்டும். அவர்கள் 21 நாளுக்குள் ஆட்சேபம் எழுதலாம்; தங்கள் பக்கத்தை நேரில் சொல்லவும் கேட்கலாம். ஆனால் அறிவிப்பு யாருக்கு? நிலச் சொந்தக்காரருக்கு! ஐம்பது வருஷம் லயத்தில் இருந்தாலும் கிராண்டில் பேர் இல்லாத நமக்குக் கடிதம் வராது. பக்கத்துத் தாமானில் போன வருஷம் வீடு வாங்கியவருக்கு வரும்.

உள்ளூர்த் திட்டம் அரசாங்கப் பதிவேட்டில் ஏறிவிட்டால் அந்தக் கடிதம்கூட யாருக்கும் கட்டாயமில்லை. அப்படியானால் வாசல் எது? உள்ளூர்த் திட்டத்தின் நகல்தான் வாசல். 'ரஞ்சாங்கான் தெம்பாத்தான்' நகலைப் பொதுமக்கள் பார்வைக்கு வைத்து, ஆட்சேபம் எழுதக் குறைந்தது நான்கு வாரம் கொடுக்கவேண்டும் என்பது சட்டம். அங்கே கிராண்டு கேட்கமாட்டார்கள். படத்தில் நம் தோட்டத்துக்கு விவசாய வண்ணம் போய்க் குடியிருப்பு வண்ணம் வந்திருக்கிறதா, லயம் நிற்கிற இடத்தில் என்ன எழுதியிருக்கிறது, கோயிலும் பள்ளிக்கூடமும் சுடுகாடும் குறிக்கப்பட்டிருக்கின்றனவா என்று பார்க்கவேண்டும். குறிக்கப்படாதது நாளைக்கு இல்லாதது என்றே ஆகிவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. நகராண்மை உறுப்பினரை ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த காலம் ஒன்று இருந்தது. 1965-ல் ஊராட்சித் தேர்தலை நிறுத்தினார்கள். 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதை அடியோடு எடுத்துவிட்டது. அதனால் இந்த விஷயத்தில் ஓட்டு நமக்கு ஆயுதமல்ல. காகிதமும் பேனாவுமே ஆயுதம்.

நாம் செய்யவேண்டியது

கிராணிமார்களே, இந்தக் காரியத்தில் உங்கள் கை பெரிய கை. செக்குரோல் எழுதிய கை ஆட்சேபமும் எழுதலாம். மலாய் அறிவிப்பைப் படித்து, தமிழில் விளக்கி, தேதி தவறாமல் எழுதிக்கொடுப்பது உங்களால்தான் முடியும். ஆபீசுக்காரன் வேறு, வெட்டுக்காரன் வேறு என்ற பேச்சு இங்கே வேண்டாம். தோட்டம் விற்கப்படுகிற அன்று இருவருக்கும் ஒரே நோட்டீசுதான் வருகிறது.

ஒவ்வொரு கிளையும் தன் தோட்டத்தில் எத்தனை குடும்பம், எத்தனை வருஷமாக இருக்கிறது, எத்தனை பேர் படிக்கிற பிள்ளைகள், எத்தனை பேர் முதியோர் என்று ஒரு பட்டியல் தயாரிக்கவேண்டும். நூறு குடும்பம் என்று வாயால் சொன்னால் காற்றோடு போகும். பேரும் வயதும் எழுதி நீட்டினால் அதிகாரி பதில் சொல்லியாகவேண்டும்.

வாக்குறுதி எதுவானாலும் எழுத்தில் கேட்கவேண்டும். தொழிலாளர் வீடுகளை முதலில் கட்டி முடித்து, சாவி கொடுத்த பிறகே மற்றக் கட்டடம் எழும்பவேண்டும் என்பதை அனுமதியின் நிபந்தனையாக எழுதும்படி மனுப் போடவேண்டும். பெரிய மனிதர் மேடையில் சொன்னது மேடையோடு போகும். நிபந்தனையில் ஏறியதைச் சுட்டிக்காட்டிக் கேட்கலாம்.

பக்கத்துத் தாமான்காரரைப் பகைத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு அறிவிப்புக் கடிதம் வருகிறது, நமக்கு வருவதில்லை. அவர் கேட்பது பூங்கா. நாம் கேட்பது வீடு. இரண்டும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல. அவர் ஆட்சேபம் எழுதுகிறபோது நம் குடும்பங்களுக்கும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள். நாம் எழுதுகிறபோது அவருடைய பூங்காவுக்கும் ஒரு பத்தி எழுதுவோம்.

வளர்ச்சிக்கு நாம் எதிரிகளா? இல்லை. காட்டை அழித்துத் தோட்டம் போட்டது நம் முன்னோர். தோட்டத்து ரயிலும் ரோடும் அவர்கள் வியர்வை. நாடு வளரட்டும், வீடுகள் எழும்பட்டும், அந்த வீடுகளில் ஒரு வரிசை நமக்கும் இருக்கட்டும் என்றுதான் கேட்கிறோம்.

ஆகவே தோழர்களே, அடுத்த மாதக் கிளைக் கூட்டத்துக்கு முன்னால் இரண்டு பேர் நகராண்மை அலுவலகத்துக்குப் போய், நம் வட்டாரத்தின் உள்ளூர்த் திட்டப் படத்தைப் பார்த்துவிட்டு வரவேண்டும். அதில் நம் தோட்டம் என்ன வண்ணத்தில் இருக்கிறது என்பதைக் கூட்டத்தில் எழுந்து சொல்லவேண்டும். போகத் தயாராக இருக்கிற இருவர் இப்போதே செயலாளரிடம் பேர் கொடுங்கள்.