பைப் பிட்டரும் சேரித் தண்ணீரும்

(தருமபுரியில் பேசியதன் எழுத்து வடிவம்)

தண்ணீரும் சாதியும் என்று பேசச் சொன்னீர்கள். அதைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசியாயிற்று. நான் பைப் பிட்டர் வேலையைப் பற்றிப் பேசப்போகிறேன். கவிதை எழுதுறவனுக்கு பைப்பு எதுக்குன்னு சிலர் சிரிக்கிறீங்க, இருக்கட்டும்.

நம்ம மாவட்டத்து போர் தண்ணீரில் புளோரைடு இருப்பது உங்களுக்குத் தெரியும். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்க ஆகாது. பல்லில் காவிக் கறை ஏறும். வருஷக்கணக்கில் குடித்தால் எலும்பு வளையும், மூட்டு மடங்காது. காய்ச்சினாலும் போகாது, தண்ணீர் சுண்டச் சுண்ட புளோரைடு கூடத்தான் செய்யும். இதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு, 1,928 கோடி ரூபாய்க்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் போட்டு, 2013இல் திறந்தார்கள்.

சரி, காவிரி ஊர்த் தொட்டி வரைக்கும் வந்துவிட்டது. அங்கிருந்து சேரிக்குக் கொண்டுவருவது பிட்டர். மேடு பள்ளம் பார்த்து லைனைக் குறிக்க வேண்டும். வண்டி ஏறினாலும் நசுங்காத ஆழத்துக்குப் பள்ளம், அடியில் கல் குத்தாமல் மணல். பிளாஸ்டிக் பைப் என்றால் துடைத்து, சொல்யூஷன் தடவி, செருகி, அசையாமல் பிடிக்க வேண்டும். இரும்பு பைப் என்றால் மரை போட்டு, சணல் சுற்றி, ரெஞ்சால் முறுக்க வேண்டும். மேட்டில் காற்று அடைக்காமல் ஏர் வால்வு. எல்லாவற்றிலும் பெரிய கடமை, மண் தள்ளுவதற்கு முன் தண்ணீரை அழுத்திச் சோதிப்பது. மூடி பில் போட்ட பிறகு கசிவை எவன் தேடுவான்? தண்ணீர் நின்ற நேரத்தில் அந்தக் கசிவு வழியாகச் சாக்கடையும் உள்ளே போகும்.

சாதி எங்கே வருதுன்னா, பைப்பின் விட்டத்தில் வருது. ஊர்த் தெருவில் மூன்று அங்குலம் போகிற லைனைச் சேரி எல்லையில் ஒன்றரையாகக் குறைத்தால் பாதித் தண்ணீர் வரும் என்றுதானே நினைப்போம்? வராது. அழுத்தம் ஒன்றாக இருந்தாலும், உரசலையும் சேர்த்துப் பார்த்தால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்குதான். கணக்கில் 'இணைப்பு கொடுக்கப்பட்டது' என்று இருக்கும். வால்வும் அதைத் திருப்புகிற சாவியும் ஊர்ப்பக்கம் இருந்தால் அந்த ஒரு பங்கும் அவர்கள் தயவு. குழாய் வறண்டால் நம்ம பெண்கள் பழையபடி அடிபம்புக்குப் போவார்கள். பிள்ளைகளின் பல்லில் மறுபடியும் கறை.

பிட்டரைத் திட்டிப் பயனில்லை. அவர் கான்ட்ராக்டரிடம் தினக்கூலி. அளவைத் தீர்மானிக்கிறவன் ஆபீசில் இருக்கிறான், பள்ளம் தோண்டுவது பெரும்பாலும் நம்ம ஆட்கள். நாமே தோண்டி, நமக்கே குறைச்சலாகப் பதித்துக்கொள்கிறோம்! அதனால் நம் பையன்கள் இந்தத் தொழிலைக் கற்க வேண்டும். (ஐ.டி.ஐ.யில் பிட்டர் டிரேடு வேறு, அது எந்திர வேலை. இதற்கு பிளம்பர் டிரேடு, ஒரு வருஷம்.)

1927 மார்ச் 20இல் அம்பேத்கர் மகாத் குளத்தில் இறங்கித் தண்ணீர் குடித்தார். குளம் கண்ணுக்குத் தெரிந்தது, தடுத்தவர்களும் தெரிந்தார்கள். பைப் மண்ணுக்குள் கிடக்கிறது. அதனால் கிராம சபையில் லைன் வரைபடத்தைக் கேளுங்கள். விட்டம் என்ன, வால்வு எங்கே, யார் சாவி வைத்திருக்கிறார், அழுத்தச் சோதனை நடந்ததா என்று கேளுங்கள். 2019இல் வந்த ஜல் ஜீவன் திட்டம் ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் என்கிறது. ஒரே காலையில் ஊர்த் தெருவிலும் சேரிக் கடைசி வீட்டிலும் ஒரு குடம் நிரம்ப எத்தனை நிமிஷம் ஆகிறது என்று எழுதி வாருங்கள். அடுத்த கூட்டத்தில் உட்கார்ந்து கணக்குப் பார்ப்போம்.