எழுதப்படாத சட்டமும் 42-ஆம் எண்ணும்

(வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அமெரிக்க பேஸ்பால் பற்றிப் பேசப் போகிறேன். நம்மில் பெரும்பாலோர் அந்த ஆட்டத்தை முழுதாகப் பார்த்திருக்க மாட்டோம். அதனால் ஒன்றும் குறைந்துவிடாது. ஒருவர் பந்தை எறிவார், மற்றவர் மட்டையால் அடிப்பார், அடித்தவர் நான்கு முனைகளையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். இவ்வளவு தெரிந்தால் போதும். அந்தத் திடலுக்குள் யாரை விட்டார்கள், யாரை வெளியே நிறுத்தினார்கள் என்பதுதான் இன்றைய பேச்சு.

முதலில் ஒரு புராணக் கதை. 1839-இல் கூப்பர்ஸ்டவுன் என்ற ஊரில் ஆப்னர் டபிள்டே என்பவர் பேஸ்பாலைக் கண்டுபிடித்தார் என்று 1907-இல் ஒரு குழு அறிவித்தது. அந்த ஆண்டில் டபிள்டே வேறு ஊரில், ராணுவக் கல்லூரியில் மாணவராக இருந்தார். பேஸ்பால் என்ற பெயர் 1744-லேயே இங்கிலாந்தில் அச்சான ஒரு சிறுவர் நூலில் இருக்கிறது. ஆனாலும் அந்தக் கதை நின்றது. 1939-இல் அதே ஊரில் 'புகழ் மண்டபம்' திறந்தார்கள். இது கலப்பில்லாத அமெரிக்க ஆட்டம் என்று சொல்ல அவர்களுக்கு ஒரு பிறப்புக் கதை தேவைப்பட்டது. தூய பிறப்பைப் பற்றிப் பேசுகிறவர்கள் அடுத்து என்ன செய்வார்கள் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து, அடிமை முறை சட்டப்படி ஒழிக்கப்பட்டு இரண்டே ஆண்டுகள். 1867-இல் பிலடெல்பியாவின் பித்தியன் என்ற கறுப்பினக் குழு மாநிலச் சங்கத்தில் உறுப்பினராக முயன்றது. இடம் கிடைக்கவில்லை. அதே டிசம்பரில் தேசியச் சங்கமும், ஒரே ஒரு கறுப்பின ஆட்டக்காரர் இருந்தாலும் அந்தக் குழுவைச் சேர்ப்பதில்லை என்று முடிவு செய்தது. அதற்குச் சொன்ன காரணத்தைக் கவனியுங்கள். சேர்த்தால் பிளவு வருமாம், சேர்க்காவிட்டால் யாருக்கும் பாதிப்பில்லையாம். அந்த 'யாரும்' என்ற சொல்லில் கறுப்பின மக்கள் இல்லை.

பித்தியன் குழுவின் தலைவர்களில் ஒருவர் ஆக்டேவியஸ் கேட்டோ. ஆசிரியர். பிலடெல்பியாவின் டிராம் வண்டிகளில் கறுப்பின மக்கள் ஏறும் உரிமைக்காகப் போராடியவர். 1871-இல் தேர்தல் நாளன்று, கறுப்பின மக்கள் வாக்களிப்பதைத் தடுக்க நடந்த வன்முறையில் சுட்டுக் கொல்லப்பட்டார். குற்றம் சாட்டப்பட்டவர் பிறகு விடுதலையானார். டிராம், வாக்குரிமை, விளையாட்டுத் திடல் மூன்றையும் கேட்டோ ஒரே போராட்டமாகப் பார்த்தார். விளையாட்டில் அரசியலைக் கலக்காதே என்று அறிவுரை சொல்கிறவர்கள் அவருடைய கதையைப் படிக்க வேண்டும்.

1884-இல் மோசஸ் ஃபிளீட்வுட் வாக்கர் என்ற கறுப்பினத்தவர் டொலீடோ அணிக்காகப் பெரிய லீக்கில் ஆடினார். அவருடைய தம்பியும் ஆடினார். அதன்பின் கதவு மூடியது. கேப் ஆன்சன் போன்ற புகழ்பெற்ற வெள்ளை ஆட்டக்காரர்கள் கறுப்பினத்தவரோடு களமிறங்க மறுத்தார்கள். 1887-இல் இன்டர்நேஷனல் லீக்கின் உரிமையாளர்கள், கறுப்பினத்தவரோடு இனிப் புதிய ஒப்பந்தம் போடுவதில்லை என்று வாக்களித்தார்கள். பெரிய லீக்குகளில் அதுகூட இல்லை. எந்த விதிப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. அதற்குப் பெயர் 'கனவான்களின் ஒப்பந்தம்'. 1942-இல் பேஸ்பால் ஆணையர் லேண்டிஸ், கறுப்பினத்தவரைத் தடுக்கும் விதி எதுவும் இல்லை என்று அறிவித்தார். அப்போது பெரிய லீக்குகளில் ஒரு கறுப்பின ஆட்டக்காரர்கூட இல்லை.

எழுதிய சட்டத்தை நீதிமன்றத்தில் எதிர்க்கலாம், தெருவில் கொளுத்தலாம். எழுதாத சட்டத்தை எங்கே போய்ப் பிடிப்பது?

திறமை இருந்திருந்தால் வந்திருப்பார்கள் என்றார்கள். திறமை எங்கே இருந்தது தெரியுமா? 1920-இல் கேன்சஸ் சிட்டியில் ரூப் ஃபாஸ்டர் தலைமையில் கூடிய கறுப்பின அணிகளின் உரிமையாளர்கள் தங்களுக்கென்று நீக்ரோ தேசிய லீக்கைத் தொடங்கினார்கள். அந்தக் காலத்துப் பெயரையே சொல்கிறேன். பல ஊர்களில் தங்க விடுதி கிடையாது, உணவகத்தில் இடம் கிடையாது. அப்படியும் 1930-இல் கேன்சஸ் சிட்டி மோனார்க்ஸ் லாரிகளில் விளக்குகளைக் கொண்டுபோய் இரவு ஆட்டம் நடத்தியது. பெரிய லீக்கில் முதல் இரவு ஆட்டம் நடக்க இன்னும் ஐந்து ஆண்டுகள் ஆயின. சிகாகோவில் நடந்த நட்சத்திர ஆட்டத்துக்கு 50,000 பேருக்கு மேல் திரண்டதும் உண்டு. சாச்செல் பெய்ஜின் பந்தும், ஜோஷ் கிப்சனின் மட்டையும் அங்கேதான் இருந்தன.

இப்போது திருப்பிக் கேட்போம். பேப் ரூத் 714 ஹோம் ரன் அடித்தார். பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. ஆனால் அந்த லீக்கில் அவருக்கு எதிராக ஒரு கறுப்பினப் பந்து வீச்சாளரும் நிறுத்தப்படவில்லை. பாதிப் பேரை வாசலில் நிறுத்திவிட்டு நடத்திய போட்டியின் முடிவைத் தகுதி என்கிறோம். அந்தச் சாதனைகளும் ஒருவகையில் இட ஒதுக்கீடுதான். நூறு சதவீத ஒதுக்கீடு.

1947 ஏப்ரல் 15 அன்று ஜாக்கி ராபின்சன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணிக்காக 42-ஆம் எண் சட்டையோடு களமிறங்கினார். ஜார்ஜியாவில் குத்தகை உழவர் குடும்பத்தில் பிறந்தவர். ராணுவத்தில் இருந்தபோது பேருந்தின் பின்பக்கம் போக மறுத்ததால் தொடங்கிய வழக்கில் ராணுவ நீதிமன்றம் வரை போய் விடுதலையானவர். நிர்வாகி பிராஞ்ச் ரிக்கி என்ற நல்ல மனிதர் கதவைத் திறந்தார் என்று சினிமாக்கள் சொல்லும். ரிக்கியின் பங்கு உண்மை. ஆனால் அதற்கு முன் வெண்டல் ஸ்மித் போன்ற கறுப்பினப் பத்திரிகையாளர்களும் கம்யூனிஸ்ட் நாளேடான டெய்லி ஒர்க்கரும் ஆண்டுக்கணக்கில் எழுதிக்கொண்டிருந்தார்கள். வேலையில் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் நியூயார்க்கில் 1945-இல் வந்துவிட்டது. தட்டித் தட்டித்தான் கதவு திறந்தது.

ராபின்சன் 1946-இல் மாண்ட்ரியல் அணிக்காக ஆடிக்கொண்டிருந்தார். அந்த ஜூலையில்தான் அண்ணல் அம்பேத்கர் அமெரிக்கச் சிந்தனையாளர் டூ போய்ஸுக்குக் கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் ஐ.நா.வுக்கு அளித்த மனுவின் படியைக் கேட்டார். இரண்டு போராட்டங்களும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்த காலம் அது.

ராபின்சனிடம் ரிக்கி கேட்ட விலை, திருப்பி அடிக்காதே என்பது. எதிரணி மேலாளரே மைதானத்தில் நின்று இனத்தைச் சொல்லி வசை பாடினார். கொலை மிரட்டல்கள் வந்தன. பொறுத்துக்கொள்ள வேண்டியவர் அவமானப்பட்டவர்தான். அவமானப்படுத்தியவரிடம் யாரும் அப்படி ஒரு வாக்குறுதி கேட்கவில்லை.

இன்னொரு விலையையும் சொல்ல வேண்டும். ராபின்சன் ஆடிக்கொண்டிருந்த மோனார்க்ஸ் அணிக்கு ஒரு டாலர்கூட இழப்பீடு தரப்படவில்லை. நூவர்க் அணியை நடத்திய எஃபா மேன்லி இந்த அநியாயத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1948-க்குப் பிறகு நீக்ரோ தேசிய லீக் கலைந்தது. ஆட்டக்காரர்களில் சிலரை எடுத்துக்கொண்டார்கள். கறுப்பின உரிமையாளர்களையும் மேலாளர்களையும் யாரும் எடுக்கவில்லை. திடலில் ஓட ஆள் வேண்டும், முடிவெடுக்கும் அறையில் வேண்டாம் என்பதுதான் அதன் பொருள். பாஸ்டன் ரெட் சாக்ஸ் முதல் கறுப்பின ஆட்டக்காரரைக் களமிறக்க 1959 வரை இழுத்தடித்தது.

ராபின்சன் இதை மறக்கவில்லை. 1972 அக்டோபரில் அவரைக் கௌரவிக்க உலகத் தொடர் மைதானத்துக்கு அழைத்தார்கள். நன்றி சொன்ன கையோடு, ஒரு கறுப்பின மேலாளரைப் பார்க்க விரும்புவதாகவும் சொன்னார். ஒன்பது நாளில் இறந்தார். வயது 53. முதல் கறுப்பின மேலாளர் 1975-இல்தான் வந்தார்.

ஹேங்க் ஆரோன் 1974-இல் ரூத்தின் 714-ஐத் தாண்டினார். அதை நெருங்கும்போது அவருக்கு வந்தவை வெறுப்புக் கடிதங்களும் கொலை மிரட்டல்களும். ராபின்சன் வந்து 27 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஜோஷ் கிப்சன் 1947 ஜனவரியில், ராபின்சன் களமிறங்குவதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 35 வயதில் இறந்தார். 2020-இல்தான் அந்தக் கறுப்பின லீக்குகளையும் பெரிய லீக்குகளாக ஏற்றார்கள். 2024-இல் கணக்குகளைச் சேர்த்தபோது, மட்டையடிச் சராசரியில் வரலாற்றின் முதலிடம் கிப்சனுடையது: .372. அத்தனை ஆண்டுகள் முதலிடத்தில் இருந்த டை காப் இரண்டாமிடத்துக்குப் போனார். இறந்து 77 ஆண்டுகளுக்குப் பிறகு கிடைத்த முதலிடம்.

இன்று ஆண்டுதோறும் ஏப்ரல் 15 அன்று எல்லா ஆட்டக்காரர்களும் 42-ஆம் எண்ணை அணிகிறார்கள். அது நல்ல காட்சி. ஆனால் 2022 உலகத் தொடரில் அமெரிக்காவில் பிறந்த கறுப்பின ஆட்டக்காரர் ஒருவர்கூட ஆடவில்லை. 1950-க்குப் பிறகு அப்படி நடந்தது அதுவே முதல் முறை. ஒரு சட்டையை அணிவதால் மட்டும் கதவு திறந்தே இருக்காது.

தோழர்களே, முதலில் உள்ளே போனவரைக் கொண்டாடுவோம். கொண்டாடும்போதே கதவை மூடியது யார் என்றும் கேட்போம். எங்களிடம் அப்படி ஒரு விதியே இல்லை என்று எந்த நிறுவனமாவது சொன்னால், விதிப் புத்தகத்தைப் புரட்ட வேண்டாம். உள்ளே இருக்கிறவர்களை எண்ணிப் பாருங்கள். திடலில் எத்தனை பேர், முடிவெடுக்கும் நாற்காலியில் எத்தனை பேர் என்று தனித்தனியாக எண்ணுங்கள். எழுதாத சட்டம் அந்தக் கணக்கில்தான் அகப்படும்.