பிழை சொன்னவருக்குக் காசோலை

(எமது சங்கத்தின் சித்திரைப் புத்தாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். மலர்க்குழுவினரின் வேண்டுகோளுக்கிணங்கச் சிறிது திருத்தித் தரப்படுகிறது.)



"கணனி படிக்கிற பிள்ளையளுக்குப் பிரயோசனமா ஏதும் சொல்லுங்கோ தம்பி" என்று தலைவர் ஐயா கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. நான் ஏ.எல். கணிதப் பிரிவோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இங்கே பிளாஸ்ரிக் மூடி செய்யும் தொழிற்சாலையில் மெசின் பார்க்கிறவன். இரண்டு வருடம் மாலை வகுப்புக்குப் போய் புரோகிராம் எழுதக் கொஞ்சம் பழகினேன், அவ்வளவுதான். ஆனால் அந்த வகுப்பில் வாத்தியார் ஒருநாள் ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார். அதற்குப் பிறகு அவரைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடி வாசித்தேன். இன்றைக்கு அவரைப் பற்றித்தான் கதைக்கப் போகிறேன்.

அவர் பெயர் டொனால்ட் கனூத். 1938ஆம் ஆண்டு அமெரிக்காவின் மில்வோக்கி நகரில் பிறந்தவர். தகப்பனார் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வீட்டு நிலவறையில் சின்னதாக ஒரு அச்சு வேலையும் நடத்தினார். கனூத் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது ஒரு மிட்டாய்க் கொம்பனி போட்டி வைத்தது. அவர்களுடைய மிட்டாயின் பெயரில் உள்ள எழுத்துக்களை வைத்து எத்தனை சொல் ஆக்கலாம் என்பதுதான் போட்டி. இந்தப் பொடியன் வயிற்றுவலி என்று வீட்டில் சொல்லிப்போட்டு, இரண்டு கிழமை அகராதியோடு இருந்து 4,500 சொற்கள் எழுதினான். நடுவர்களிடம் இருந்த பட்டியலிலேயே 2,500தான் இருந்ததாம். பிள்ளைகளே, வயிற்றுவலிப் பகுதியை மட்டும் இவரிடம் பழக வேண்டாம்.

1956இல் பல்கலைக்கழகம் போனார். பௌதிகம் படிக்கப் போனவர் அங்கே ஐ.பி.எம். 650 என்ற கணனியைக் கண்டு அதிலேயே கிடந்தார். 1962இல் ஒரு பதிப்பகம் அவரிடம் கணனி பற்றி ஒரு புத்தகம் கேட்டது. அப்போது அவருக்கு வயது 24. அன்றைக்கே இருந்து பன்னிரண்டு அத்தியாயங்களின் தலைப்பை எழுதினார். 1965இல் கையெழுத்தில் 3,000 பக்கம் சேர்ந்துவிட்டது. கையெழுத்தில் ஐந்து பக்கம் அச்சில் ஒரு பக்கமாகும் என்பது அவருடைய கணக்கு. பதிப்பகத்தார் பார்த்துவிட்டு, ஒன்றரைப் பக்கத்துக்கே அச்சில் ஒரு பக்கம் வரும் என்றார்கள். அதாவது புத்தகம் 2,000 பக்கம்! கணிதத்தில் பெரிய விண்ணன், பக்கக் கணக்கில் பிழை விட்டுவிட்டார். அதனால் ஒரு புத்தகம் பல பாகமாயிற்று. 1968, 1969, 1973 ஆகிய ஆண்டுகளில் முதல் மூன்று பாகங்களும் வந்தன. 1974இல் கணனித்துறையின் மிகப் பெரிய விருதான ரியூரிங் விருது கிடைத்தது.

இரண்டாம் பாகத்தின் அடுத்த பதிப்புக்கு 1977இல் அச்சுப்படி வந்தபோது அவருக்குத் தாங்க முடியவில்லை. பழைய ஈய எழுத்து அச்சு போய்ப் புதிய முறை வந்திருந்தது. பக்கங்கள் பார்க்கச் சகிக்கவில்லை. நாங்கள் என்றால் என்ன செய்வோம்? அச்சகத்தாரைத் திட்டிவிட்டுச் சும்மா இருப்போம். அவர், "அச்சுக்கோர்க்கிற புரோகிராமை நானே எழுதுகிறேன்" என்று இருந்துவிட்டார். ஒரு வருடத்தில் முடிக்கலாம் என்று நினைத்தார். பத்து வருடத்துக்கு மேல் சென்றது. அதன் பெயர் ரெக். உலகமெங்கும் கணித, பௌதிக ஆராய்ச்சியாளர்கள் இன்றும் அதைக் கொண்டே எழுதுகிறார்கள். தமிழையும் அதில் அச்சுக்கோர்க்கலாம். காசு வாங்காமல் எல்லோருக்கும் கொடுத்தார். புரோகிராமை ஒளிக்காமல் முழுவதையும் 1986இல் புத்தகமாகவே போட்டார்.

எழுத்து வடிவங்களையும் அவரே கணிதத்தால் வரைந்தார். ஆங்கிலத்தின் "எஸ்" எழுத்து மட்டும் சரிவரவே இல்லை. நித்திரையில்லாமல் அதோடு மல்லுக்கட்டினார். மனைவி வந்து பார்த்துவிட்டு, "ஏன் இதை எஸ் மாதிரியே வரையக்கூடாது?" என்று கேட்டாராம். வீட்டுக்காரர் சொல்லும் திருத்தம் எந்த நாட்டிலும் ஒரே மாதிரித்தான் போல.

இனி அவர் வேலை செய்யும் விதத்தைச் சொல்கிறேன்.

முதலாவது, பென்சிலும் கடதாசியும். ரெக் புரோகிராம் முழுவதையும் கையால் எழுதி முடித்த பிறகுதான் 1978 மார்ச்சில் கணனியில் ஓட்டிப் பிழை பார்க்கத் தொடங்கினார். அதுவரை சோதித்துப் பார்க்கவே இல்லை. தட்டச்சு செய்யும் வேகம் தன்னுடைய யோசனையின் வேகத்தோடு ஒத்துவராது, பென்சில்தான் ஒத்துவரும் என்பது அவர் சொல்லும் காரணம்.

இரண்டாவது, முதலில் தானே செய்தல். ரெக்கைத் தொடங்கியபோது குறிப்புகளை இரண்டு மாணவர்களிடம் கொடுத்துவிட்டு 1977 கோடையில் பயணம் போனார். திரும்பி வந்து தானே எழுத இருந்தபோதுதான், வரியொன்றுக்கு ஒரு கேள்வி எழும்புவது அவருக்கு விளங்கியது. திட்டம் போடுகிறவன்தான் முதலில் அதைச் செய்தும் பார்க்க வேண்டும், முதலில் பாவித்தும் பார்க்க வேண்டும், விளக்கப் புத்தகத்தையும் எழுத வேண்டும் என்ற முடிவுக்கு வந்தார்.

மூன்றாவது, ஒரு நேரத்தில் ஒரு வேலை. பதினைந்து வருடம் மின்னஞ்சல் பாவித்தவர், 1990 ஜனவரி 1ஆம் திகதி அதை விட்டுவிட்டார். கடிதங்களைச் சேர்த்து வைத்து எப்போதாவது ஒருமுறை இருந்து பார்ப்பார். செய்ய வேண்டிய வேலைகளில் எது மிகவும் பிடிக்காததோ அதைத்தான் முதலில் எடுப்பார். ரெக்கில் யாராவது பிழை சொன்னாலும் உடனே ஓடிப்போய்த் திருத்துவதில்லை. 2014இல் பார்த்தார், பிறகு 2021இல் பார்த்தார். அடுத்தது 2029 என்று தவணை சொல்லியிருக்கிறார். "அவருக்குச் செயலாளர் இருக்கிறார், எங்களுக்குச் சுப்பர்வைசர் எல்லோ இருக்கிறார்" என்று நீங்கள் கேட்பது எனக்குக் கேட்கிறது. சரிதான். அந்தப் பகுதியை நாங்கள் அப்படியே கொப்பியடிக்க ஏலாது.

ஆனால் நான்காவது ஒன்று இருக்கிறது. அதற்காகத்தான் இந்த உரையே.

தன்னுடைய புத்தகத்தில் ஒரு பிழையை முதலில் காட்டுகிறவருக்கு அவர் 2 டொலர் 56 சதத்துக்குக் காசோலை அனுப்புவார். ஏன் அந்தக் கணக்கு? நாங்கள் பத்துப் பத்தாக எண்ணுகிறோம், பத்துப் பத்து நூறு. கணனிக்காரர் பதினாறு பதினாறாக எண்ணுவார்கள், பதினாறு பதினாறு 256. அது அவர்களுடைய "நூறு சதம்". ரெக் புரோகிராமில் பிழை கண்டவருக்கான தொகையை வருடாவருடம் இரட்டிப்பாக்கி 327 டொலர் 68 சதம் வரை கொண்டுபோனார். பெற்றவர்களில் மிகச் சிலரே அந்தக் காசோலையை மாற்றினார்கள். மற்றவர்கள் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டிவிட்டார்கள். வங்கிக் கணக்குத் திருட்டுக்குப் பயந்து 2008இல் காசோலையை நிறுத்தி, கற்பனை வங்கியொன்றின் பெயரில் சான்றிதழ் அனுப்பத் தொடங்கினார். அதற்கும் மதிப்புக் குறையவில்லை.

இதைவிடப் பெரியது அவருடைய பிழைக் கொப்பி. ரெக்கில் தான் விட்ட ஒவ்வொரு பிழையையும் திகதியோடு எழுதி வைத்தார். பிறகு அவற்றைப் பதினைந்து வகையாகப் பிரித்து ஆங்கில எழுத்தொன்றால் குறியிட்டார். வழிமுறையே பிழையென்றால் "ஏ". சரியானது தெரிந்திருந்தும் வேறொன்றை எழுதியிருந்தால் "பி". மறந்துபோனது "எவ்". வெறும் தட்டச்சுப் பிழை "ரி". எண்ணூறுக்கு மேற்பட்ட பிழைகள். அவ்வளவையும் 1989இல் தன் பெயரைப் போட்டு வெளியிட்டார். உலகமே பெரிய ஆள் என்று கொண்டாடும் ஒருவர், "இந்தா, நான் விட்ட பிழைகள்" என்று வரிசையாக எழுதிக் கொடுக்கிறார்.

இதை வாசித்த அன்றைக்கு எனக்கு நித்திரை வரவில்லை. காரணத்தைச் சொல்கிறேன்.

சில வருடங்களுக்கு முன்பு, பின்னேர வேலை முடியும் நேரம். நான் மெசினில் சூட்டை மாற்றி வைத்துவிட்டேன். கவனிக்கவில்லை. இரவு வேலைக்கு வந்தவரும் எங்களைப் போல அகதியாக வந்தவர்தான், வேறு நாட்டுக்காரர், தற்காலிக ஒப்பந்தத்தில் இருந்தவர். விடியும்போது முழு இரவின் மூடியும் குப்பைக்குப் போனது. யார் மாற்றியது என்று கேட்டார்கள். எங்களிடமும் ஒரு கொப்பி இருக்கிறது, மாற்றினால் அதில் எழுத வேண்டும். நான் எழுதவில்லை. வாயும் திறக்கவில்லை. மூன்றாம் நாள்தான் போய்ச் சொன்னேன். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தந்தார்கள். அந்த மாதக் கடைசியில் அவருடைய ஒப்பந்தம் நீட்டப்படவில்லை. என்ர பிழையால்தானா, வேறு காரணமா, இன்றுவரை எனக்குத் தெரியாது. அவரை அதற்குப் பிறகு நான் காணவும் இல்லை.

ஏன் மூன்று நாள் வாய் திறக்கவில்லை என்று பிறகு யோசித்துப் பார்த்தேன். நாங்கள் இந்த நாட்டுக்கு வந்து முதன்முதலாக ஒரு மேசைக்கு முன்னால் இருந்தது அகதி விசாரணைக்கு. அங்கே ஒரு திகதி மாறினால், ஒரு ஊர்ப் பெயர் முன்பின்னாக வந்தால், அது பிழை அல்ல, பொய். அதற்காகவே "நிராகரிக்கப்பட்டது" என்று கடிதம் வந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். பிழை விட்டால் திருப்பி அனுப்பி விடுவார்கள் என்ற பயம் எங்கட எலும்புக்குள் இறங்கிவிட்டது. ஆகவே பிழையை ஒளிக்கிறவரை நான் கேவலமாகச் சொல்ல வரவில்லை. அந்தப் பயம் எங்களுக்குக் காரணமில்லாமல் வந்ததல்ல.

"கனூத்துக்கென்ன, அவர் பேராசிரியர், பிழையை ஒப்புக்கொண்டால் வேலை போகுமா?" என்றும் நீங்கள் கேட்கலாம். நானும் அப்படித்தான் முதலில் நினைத்தேன். பிறகுதான் ஒன்று விளங்கியது. ரெக் என்ற வீட்டில் அவர்தான் முதலாளி. அந்த முதலாளி, பிழையைக் கொண்டு வந்தவருக்கு ஏச்சுக் கொடுக்கவில்லை, காசு கொடுத்தார். ஆகவே உலகத்தின் எல்லா மூலையிலிருந்தும் பிழைகள் அவரிடம் வந்து சேர்ந்தன. புரோகிராம் திருந்தியது. பயமில்லாமல் பிழை சொல்லக்கூடிய இடத்தை யார் உண்டாக்க வேண்டும்? பயப்படுகிறவன் அல்ல. அதிகாரம் யாருடைய கையில் இருக்கிறதோ அவர்தான்.

தொழிற்சாலையில் எங்களுக்கு அதிகாரம் இல்லை. விசாரணை மேசையிலும் இல்லை. ஆனால் வீட்டில்? வீட்டில் நாங்கள்தானே முதலாளி. பிள்ளை குறைந்த புள்ளியோடு வந்து நிற்கும்போது நாங்கள் என்ன செய்கிறோம்? "மற்றப் பிள்ளையைப் பார், அவன் டொக்டருக்குப் படிக்கிறான்" என்கிறோம். அடுத்தமுறை அந்தப் பிள்ளை சோதனைத் தாளை ஒளிக்கும். அதை ஒளிக்கப் பழக்கியது யார்? சங்கக் கணக்கில் ஒருவர் கேள்வி கேட்டால் "இவர் குழப்பக்காரர்" என்று பெயர் வைக்கிறோம். பிறகு யார் கேட்பார்கள்? நிர்வாகத்தில் உள்ள அண்ணைமார் கோபிக்க வேண்டாம், போன வருடம் நானும் அந்த நிர்வாகத்தில் இருந்தவன்தான்.

கணனி படிக்கும் பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. புரோகிராம் எழுதினால் பிழை வரும். கனூத்துக்கே எண்ணூறுக்கு மேல் வந்தது. ஒரு கொப்பி வாங்குங்கோ. திகதி போடுங்கோ, என்ன பிழை, ஏன் வந்தது என்று எழுதுங்கோ. ஒரு வருடம் கழித்து அதைத் திருப்பிப் பார்த்தால் உங்களுக்கு அதைவிட நல்ல வாத்தியார் கிடைக்கமாட்டார். அவசரப்படவும் வேண்டாம். மூன்றாம் பாகம் 1973இல் வந்தது. நான்காம் பாகத்தின் முதற்பகுதி 2011இல்தான் வந்தது, இரண்டாம் பகுதி 2022இல், அவருடைய 84ஆவது வயதில். ரெக்கை ஒவ்வொருமுறை திருத்தும்போதும் அதன் பதிப்பு எண்ணில் "பை"யின் இன்னொரு இலக்கத்தைச் சேர்த்துக்கொண்டு போகிறார். 3.14, 3.141 என்று. தான் இறந்தபிறகு அந்த எண்ணைப் "பை" என்றே வைத்துவிடட்டும், அதற்குப் பிறகு மிஞ்சியிருக்கும் பிழைகளை ஒருவரும் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார். முழுக்கச் சரியாக முடியாது என்று அவருக்குத் தெரியும். தெரிந்துகொண்டும் திருத்துகிறார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எங்கள் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியரின் பிழையைக் கண்டுபிடிக்கும் பிள்ளைக்கு ஒரு சின்னப் பரிசு கொடுக்கத் தொடங்குவோம். ஆசிரியைமார் சம்மதித்தால் முதலாவது பரிசுக்கான காசு என்னுடையது. என்னுடைய பிள்ளைக்கு வீட்டில் ஏற்கனவே தொடங்கிவிட்டேன், கிழமைக்கு இரண்டு மூன்று என்னிடமே பிடிக்கிறாள். கை கடிக்கிறது, ஆனாலும் இப்ப சோதனைத் தாள் நேரே என்ர கைக்கு வருகிறது.

இந்த உரை மலரில் அச்சாகும்போது எழுத்துப் பிழை கட்டாயம் இருக்கும். கண்டவர்கள் அடுத்த ஒன்றுகூடலில் என்னிடம் வந்து சொல்லுங்கோ. காசோலை எழுத எனக்கு வசதி இல்லை. ஒரு தேத்தண்ணியும் வடையும் வாங்கித் தருவேன்.