புதுத் தொட்டிக்குத் தண்ணீர் மாற்றுவது எப்படி?

(புத்தளம் மாவட்டக் கரையோரத்தில், முந்தல் களப்புப் பக்கம், மலைநாட்டுத் தோட்டக் குடும்பங்கள் மத்தியில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



மலையிலிருந்து இறங்கி இந்தக் கரைக்கு வந்திருக்கிறீர்கள். முன்னேஸ்வரத்தில் கும்பிட்டாச்சு. தலவில அன்னம்மாள் கோயிலுக்குப் போகிறவர்களும் இருக்கிறீர்கள். திரும்பும்போது கருவாடு வாங்காமல் யாரும் பஸ் ஏறுவதில்லை. இப்போது கருவாட்டுப் பையோடு இன்னொரு பையும் மலையேறுகிறது. தண்ணீர் நிரப்பிக் காற்றடைத்த பொலித்தீன் பை. அதற்குள்ளே நாலைந்து வர்ண மீன். பிள்ளைகள் மடியில் வைத்துக்கொண்டு போகிறார்கள்.

வீட்டுக்குப் போனதும் லயத்துக் காம்பராவில் ஒரு கண்ணாடித் தொட்டி வைக்கிறோம். மீனை விடுகிறோம். நாலைந்து நாளில் தண்ணீர் பால் கலந்த மாதிரி ஆகிறது. "ஐயோ, அழுக்காப் போச்சு" என்று தொட்டியைப் பீலிக்குத் தூக்கிக்கொண்டு போய், கல்லையெல்லாம் சவர்க்காரம் போட்டுக் கழுவி, புதுத் தண்ணீர் நிரப்பி மீனை விடுகிறோம். மறுநாள் காலையில் மீன் மிதக்கிறது. "தண்ணி மாத்தினோமே, பிறகு ஏம்மா செத்துச்சு?" என்று பிள்ளை கேட்கிறது.

அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறோம். தொட்டி வாங்கிய காசு பல நாள் கொழுந்து பறித்த காசு. பிள்ளையின் ஆசை அதைவிடப் பெரியது. இரண்டையும் வீணாக்கக் கூடாது.

முதலில் நாம் உட்கார்ந்திருக்கும் இந்த இடத்தைப் பாருங்கள். அதோ தெரிவது ஒல்லாந்தர் கால்வாய். சிலாபம் களப்பு, முந்தல் களப்பு, புத்தளம் களப்பு மூன்றையும் இது தொடுக்கிறது. 1980களில் இந்தக் கரை நெடுக இறால் பண்ணைகள் வந்தன. கறுப்பு வரி இறால் நல்ல விலை போனது. பண்ணைக்குத் தண்ணீர் வேண்டுமென்றால் கால்வாயிலிருந்து இறைப்பார்கள். குளத்துத் தண்ணீர் கெட்டுப் போனால் அதே கால்வாயில் விடுவார்கள். தண்ணீர் மாற்றிவிட்டோம், சுத்தமாகிவிட்டது என்று அவரவர் நினைத்தார்கள். ஆனால் ஒருவர் வெளியே விட்ட தண்ணீர்தான் அடுத்தவர் உள்ளே எடுத்த தண்ணீர். 1996 இல் வெண்புள்ளி நோய் வந்தது. அது ஒரு வைரஸ் நோய். கால்வாய்த் தண்ணீரோடு அது பண்ணைக்குப் பண்ணை பரவியது. பல குளங்கள் வெறுமையாயின. கடன் வாங்கிப் போட்டவர்கள் நொந்து போனார்கள்.

அதற்குப் பிறகு இங்கே முறை மாறியது. நீருயிரின வளர்ப்புக்கான அரச சபையான நக்டா 1999 இல் அமைந்தது. எல்லாரும் ஒரே சமயத்தில் இறால் விடாமல், வலயம் வலயமாகப் பிரித்து, இன்ன பகுதிக்கு இன்ன காலம் என்று வைத்துக்கொண்டார்கள். எடுக்கிற தண்ணீரைத் தனிக் குளத்தில் தேக்கி, குளோரீன் போட்டுக் கிருமி நீக்கி, அந்தக் குளோரீன் போன பிறகே இறால் குளத்துக்கு விடும் வழக்கமும் வந்தது. தண்ணீர் மாற்றுவதென்றால் கெட்டதைக் கொட்டி நல்லதை ஊற்றுவது மட்டுமல்ல. எங்கிருந்து எடுக்கிறோம், எவ்வளவு எடுக்கிறோம், எங்கே விடுகிறோம் என்ற மூன்றையும் பார்க்க வேண்டும். ஏக்கர் கணக்கான குளத்துக்கும் இதுதான்; இரண்டடித் தொட்டிக்கும் இதுதான்.

இனி நம் தொட்டிக்கு வருவோம். மீன் சாப்பிடுகிறது, கழிவு விடுகிறது. அந்தக் கழிவிலிருந்தும், மிஞ்சிக் கிடக்கும் தீனியிலிருந்தும் அமோனியா உண்டாகிறது. அது மீனுக்கு நஞ்சு. ஆனால் ஒருவகை நல்ல பக்டீரியா அந்த அமோனியாவை நைத்திரைற்று ஆக்கும். அதுவும் நஞ்சுதான். வேறொரு வகை பக்டீரியா அதை நைத்திரேற்று ஆக்கும். இது மீனுக்கு அவ்வளவு கெடுதி இல்லை, செடிக்கோ உரம்.

இந்த நல்ல பக்டீரியாக்கள் பெரும்பாலும் தண்ணீரில் மிதப்பதில்லை. கல்லிலும், வடிகட்டிப் பஞ்சிலும், கண்ணாடியிலும் ஒட்டிக்கொண்டு வாழ்கின்றன. புதுத் தொட்டியில் அவை பெருக நாலு முதல் ஆறு கிழமை செல்லும். குளிரில் இன்னும் மெதுவாகத்தான் பெருகும். அந்த நாட்கள்தான் மீனுக்குக் கண்டம். கல்லையும் பஞ்சையும் சவர்க்காரம் போட்டுக் கழுவினால் என்ன நடக்கும்? பிள்ளைக் காம்பராவிலிருந்த ஆயாவை வெளியே அனுப்பிவிட்டுப் பிள்ளைகளை மட்டும் விட்ட மாதிரி. பால் மாதிரித் தெரிகிற கலங்கலும் அழுக்கல்ல. புதுத் தொட்டியில் வேறுவகை பக்டீரியா திடீரென்று பெருகுவதால் வருவது. தீனியைக் குறைத்துப் பொறுத்திருந்தால் சில நாளில் தானாகவே தெளியும்.

அப்படியென்றால் தண்ணீர் மாற்றவே வேண்டாமா என்று கேட்பீர்கள். கட்டாயம் மாற்ற வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக மாற்ற வேண்டும். இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டியில் சுமார் 50 லீற்றர் தண்ணீர் நிற்கும். கிழமைக்கு ஒரு தடவை அதில் ஐந்தில் ஒரு பங்கு, அதாவது 10 லீற்றர், ஒரு வாளி. அவ்வளவுதான். முதல் ஆறு கிழமைக்குள் மீன் மேலே வந்து வாயைத் திறந்து மூச்சு வாங்கினாலோ, செவுள் சிவந்தாலோ, தீனியை நிறுத்திவிட்டு ஒரு நாள் விட்டு ஒரு நாள் ஒரு வாளி மாற்றுங்கள். முழுவதையும் கொட்டாதீர்கள்.

ஏன் ஒரு வாளி என்று கணக்குப் பார்ப்போம். புத்தளத்தின் சராசரி வெப்பநிலை 27, 28 பாகை. நுவரெலியாவில் 16 பாகை அளவுதான். உங்கள் தொட்டித் தண்ணீர் 25 பாகையில் இருக்கிறது, பீலித் தண்ணீர் 17 பாகை என்று வையுங்கள். ஒரு வாளி மாற்றினால் தொட்டி 23 பாகைக்குக் கொஞ்சம் மேலே நிற்கும். பாதி மாற்றினால் 21. முழுக்க மாற்றினால் ஒரே அடியாக 17. கரையோர வெயிலில் வளர்ந்த மீன் அதைத் தாங்குமா? உடனே சாகாவிட்டாலும், உடம்பில் உப்புத் தூவிய மாதிரி வெண்புள்ளிகள் வரும். இறாலுக்கு வருவது வைரஸ். இது ஒட்டுண்ணி, வேறு நோய். குளிரில் மீன் சோர்ந்தால் இது சுலபமாகப் பிடித்துக்கொள்ளும். ஆகவே வாளித் தண்ணீரில் கொஞ்சம் சுடுதண்ணீர் கலந்து, கையை விட்டுப் பார்த்து, தொட்டியின் சூட்டுக்குச் சமமாக்கியே ஊற்ற வேண்டும்.

இன்னொன்று உண்டு. அருவக்காலுவில் சீமெந்துக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டுகிற மாவட்டம் இது. சுண்ணாம்பு கலந்த நிலத்துக் கிணற்றுத் தண்ணீர் கடினமானது. மலை ஊற்றுத் தண்ணீர் மென்மையானது. இங்கே வளர்ந்த மீனை அங்கே கொண்டுபோனதும் தொட்டியில் கொட்டாதீர்கள். பையைத் தொட்டியில் மிதக்கவிட்டு, கால் மணிக்கொரு தடவை ஒரு கோப்பை தொட்டித் தண்ணீரைப் பைக்குள் ஊற்றி, ஒரு மணித்தியாலமாவது பழக்கி, பிறகு மீனை மட்டும் எடுத்து விடுங்கள். குளிர் கூடிய தோட்டக்காரர்கள் தங்கமீன் வளர்ப்பது நல்லது. அது குளிரைத் தாங்கும். ஆனால் கழிவு அதிகம் விடும்; சிறு தொட்டியில் ஒன்று, இரண்டுக்கு மேல் விடாதீர்கள்.

எந்தத் தண்ணீர் நல்லது? குழாய்த் தண்ணீரில் குளோரீன் இருக்கும். பீ.எச்.ஐ. ஐயா மருந்து போட்ட கிணற்றிலும் இருக்கும். அது மீனின் செவுளை எரிக்கும். நல்ல பக்டீரியாவையும் கொல்லும். அகன்ற வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரீன் பறந்துவிடும். ஆனால் திறந்து வைத்தால் டெங்கு நுளம்பு முட்டையிடும். வாளியின் வாயில் மெல்லிய சீலை கட்டி வையுங்கள். பீலித் தண்ணீரில் குளோரீன் இல்லை. ஆனால் தேயிலை மலைக்குக் கீழே வருகிற ஓடைத் தண்ணீரில் உரமும் புல்லு மருந்தும் கலந்திருக்கலாம். உரம் போட்ட, மருந்தடித்த நாட்களிலும், பெருமழை பெய்த மறுநாளிலும் அதை எடுக்காதீர்கள். மருந்து இருந்த கலனை எத்தனை தரம் கழுவினாலும் தொட்டி வேலைக்குப் பாவிக்கக் கூடாது. வீட்டில் வேறு எதற்கும் பாவிக்கக் கூடாது. தொட்டிக்கென்று தனி வாளி, தனிக் குழாய் வையுங்கள்.

மாற்றும் முறையையும் சொல்லிவிடுகிறோம். முதலில் மின்சாரத்தை நிறுத்திப் பிளக்கைக் கழற்றுங்கள். ஈரக் கையோடு பிளக்கைத் தொடாதீர்கள். சூடாக்கி இருந்தால் கால் மணி நேரம் ஆறவிடுங்கள். சூட்டோடு தண்ணீருக்கு வெளியே வந்தால் அதன் கண்ணாடி வெடிக்கும். வாளியைத் தொட்டிக்குக் கீழே வைத்து, பிளாஸ்டிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, இரு முனையையும் விரலால் மூடி, ஒன்றைத் தொட்டிக்குள்ளும் மற்றதை வாளிக்குள்ளும் விட்டுத் திறந்தால் தண்ணீர் தானாக இறங்கும். வாயால் உறிஞ்சக் கூடாது. அடியில் கிடக்கும் கழிவு மேலே குழாயைக் கொண்டு போங்கள். பஞ்சை அலச வேண்டுமென்றால் வெளியே எடுத்த அந்தத் தண்ணீரிலேயே அலசுங்கள். பிறகு சூடு சமமாக்கிய தண்ணீரை மெல்ல ஊற்றி, எல்லாம் முடிந்த பின் பிளக்கைப் போடுங்கள்.

தாய்மாருக்கு ஒரு வார்த்தை. கொழுந்து பறித்த விரல்களில் வெடிப்பும் கீறலும் இருக்கும். மீன் தொட்டித் தண்ணீரில் இருக்கக்கூடிய ஒருவகை மைக்கோபக்டீரியம் கிருமி காயத்தின் வழியாகப் புகுந்தால், மாதக் கணக்கில் ஆறாத புண் வரலாம். கையுறை போடுங்கள், முடிந்ததும் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள். அப்படிப் புண் வந்தால், மீன் தொட்டியில் கை வைத்ததையும் டொக்டரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக, வெளியே எடுத்த அந்த ஒரு வாளியை என்ன செய்வது? வீட்டுத் தோட்டத்துக் கீரைக்கும் ரோசாவுக்கும் ஊற்றுங்கள். அது செடிக்கு நல்ல உரம். பீலி வாயிலும் ஓடையிலும் ஊற்றாதீர்கள். வளர்க்க முடியாத மீனையும் ஆற்றில் விடாதீர்கள். கண்ணாடியைச் சுத்தம் செய்யுமென்று வாங்குகிற டாங்க் கிளீனர் மீன் நம் நாட்டு நீர்த்தேக்கங்களில் பெருகி, மீனவரின் வலையைக் கிழித்து, உள்ளூர் மீனுக்குத் தொல்லையாகி இருக்கிறது. வேண்டாமென்றால் வாங்கிய கடையிலோ, வளர்க்கிற வேறொருவரிடமோ கொடுத்துவிடுங்கள்.

இந்தக் கால்வாய்க்காரர்கள் பட்டுத் தெரிந்துகொண்டதை நாம் கேட்டுத் தெரிந்துகொண்டோம். மேல் டிவிசனில் ஓடையில் விடுகிற தண்ணீர்தான் கீழ் டிவிசனில் குடத்தில் ஏறுகிறது. பிள்ளையிடம் ஒரு வாளியைக் கொடுத்து, எங்கே எடுக்க வேண்டும், எவ்வளவு ஊற்ற வேண்டும், எங்கே கொட்ட வேண்டும் என்று காட்டிக் கொடுங்கள். மீனும் பிழைக்கும், பிள்ளைக்கும் தண்ணீரின் அருமை விளங்கும்.