வயிற்றின் கலக்கம்



தில்லிக்கு மாற்றலாகி வந்த புதிதில், அலுவலகம் புறப்படும் வேளையில் எனக்கு வயிறு கலங்கும். பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கிய நாள்களும் உண்டு. புற்றுநோயோ என்று உள்ளுக்குள் அஞ்சினேன். வெட்கத்தால் இரண்டாண்டுகள் எவரிடமும் சொல்லவில்லை. பின்னர் வைத்தியர் சோதித்து, "குடலில் புண் ஏதுமில்லை, இது ஐ.பி.எஸ். என்னும் குடல் எரிச்சல் நோய்" என்றார்.

புண் இல்லை என்பதனால் நோவு பொய்யன்று. மூளைக்கும் குடலுக்கும் இடையே நரம்புகள் வழி நிகழும் செய்திப் போக்கு சீர்குலைவதால், சாதாரண வாயுவும் வலியாக உணரப்படுகிறது. மனக்கவலை அதனை மிகுவிக்கும்.

இதற்குச் செய்யத்தக்கவை எளியவையே. வேளை தவறாது உண்ணுங்கள், காப்பி, தேநீரைக் குறையுங்கள், நாள்தோறும் நடவுங்கள். இசப்கோலை நிறைய நீருடன் அருந்துவது பலருக்கு உதவும். கோதுமை, ராஜ்மா, வெங்காயம், பூண்டு ஆகியவை சிலர் குடலில் புளித்து வாயுவைப் பெருக்கும். அரிசிச் சோறு பெரும்பாலும் அவ்வாறு செய்வதில்லை. அதற்காகச் சப்பாத்தியை அடியோடு விலக்க வேண்டா. சில வாரங்கள் நிறுத்திப் பார்த்து, பிறகு ஒவ்வொன்றாகச் சேர்த்து, ஒவ்வாததை மட்டும் தவிருங்கள்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. மலத்தில் இரத்தம், காரணமற்ற எடைக்குறைவு, சோகை, காய்ச்சல், உறக்கத்தைக் கலைக்கும் பேதி, 50 வயதுக்குப்பின் புதிதாகத் தொடங்கும் உபாதை ஆகியவற்றுள் ஒன்று இருப்பினும் உடனே வைத்தியரை நாடுங்கள்.

இந்நோய் ஆயுளைக் குறைப்பதில்லை, புற்றுநோயாக மாறுவதுமில்லை. இதை அறியாமல் நான் அஞ்சிக் கழித்த இரண்டாண்டுகள் வீண். நீங்கள் அவ்வாறு கழிக்க வேண்டா.