ஒரு சின்ன நாடு திறந்த இரண்டு பூட்டுகள்

(மாவட்ட மைய நூலகம் ஒன்றில் நடைபெற்ற வாசகர் வட்டக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இங்கே உட்கார்ந்திருக்கிற எல்லார் கையிலும் ஸ்மார்ட்போன் இருக்கு. பட்டா நகல் பார்க்கிறோம், மின்கட்டணம் கட்டுறோம், வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறோம். பத்து வருஷத்துக்கு முன்னால் இதுக்கெல்லாம் வரிசையில் நின்றவர்கள்தான் நாம். இன்றைக்கு நான் பேச வந்தது, இதே போனில் இன்னும் சரியாகத் திறக்காத ஒரு கதவைப் பற்றி. ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் பற்றி.

'அது பேராசிரியர்கள் சமாச்சாரம், நமக்கு எதுக்கு?' என்று யாராவது நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், ஒரு தென்னை விவசாயியைச் சந்திக்கும் வரை. பொள்ளாச்சி பக்கம் தோப்பு வைத்திருப்பவர். ரூகோஸ் சுருள் வெள்ளை ஈ என்ற பூச்சி 2016-ல் அந்தப் பக்கம் தென்னையில் தெரிய வந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். ஓலைக்கு அடியில் வெள்ளை வெள்ளையாக ஒட்டிக்கொண்டு, மேலே கரும்பூசணம் படிந்து, மரமே கறுத்துப் போகும். அவர் போனில் தேடிப் பார்த்திருக்கிறார். நம் நாட்டு விஞ்ஞானிகள் எழுதிய கட்டுரையே கிடைத்துவிட்டது. தலைப்பும் சுருக்கமும் தெரிந்தது. முழுக் கட்டுரை வேண்டுமென்றால் முப்பத்தைந்து டாலர் கட்டச் சொன்னது.

"சார், இவங்க சம்பளம் நம்ம வரிப்பணம்தானே? அப்புறம் எதுக்கு இன்னொரு தடவை காசு கேட்கிறாங்க?" என்று கேட்டார்.

என்னிடம் உடனே பதில் இல்லை. அவரை உட்கார வைத்து, வேறு வழியில் தேடினேன். இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகம் தன் இதழ்களைக் கட்டணமில்லாமல் படிக்க ஒரு இணையதளம் வைத்திருக்கிறது. அதில் அதே பூச்சியைப் பற்றி ஒரு கட்டுரை முழுசாகக் கிடைத்தது. சந்தோஷமாகக் காட்டினேன். இரண்டு நிமிஷம் திரையைத் தள்ளிப் பார்த்துவிட்டு, "தமிழ்ல இல்லையா சார்?" என்றார்.

அன்றைக்குத்தான் புரிந்தது, கதவில் இருப்பது ஒரு பூட்டு இல்லை, இரண்டு. முதல் பூட்டு காசு. இரண்டாவது பூட்டு மொழி. ஒன்றைத் திறந்தாலும் இன்னொன்று அப்படியே தொங்குகிறது.

இந்த இரண்டு பூட்டையும் சேர்த்துத் திறக்க முயன்ற ஒரு சின்ன நாட்டின் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப் போகிறேன். நாட்டின் பெயர் குரோவேஷியா. கால்பந்து பார்க்கிறவர்களுக்குத் தெரிந்திருக்கும், 2018 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டி வரை வந்த நாடு. 2021 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை சுமார் 38.7 லட்சம். நம் சென்னை மாநகரத்தைவிடக் குறைவு. 1991-ல் சுதந்திரம் அறிவித்தார்கள், உடனே போர் வந்தது. 2013-ல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தபோது, குரோவேஷிய மொழி அதன் 24-ஆவது ஆட்சி மொழி ஆனது.

இவ்வளவு சின்ன மொழியில் ஆய்விதழ் நடத்துவது எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வரலாற்றுச் சங்கம் இதழ் போடும். இருநூறு, முந்நூறு பேர் வாங்குவார்கள். ஆசிரியர் ஒரு பேராசிரியர், சம்பளம் கிடையாது. இணையதளம் வைக்கலாமென்றால் அதற்குத் தனியாக ஆள் வேண்டும், பணம் வேண்டும். பெரிய வெளிநாட்டுப் பதிப்பகங்கள் இந்த மாதிரி இதழைத் திரும்பிக்கூடப் பார்க்காது. வாங்குகிறவர்கள் குறைவு, லாபம் இல்லை.

அங்கே ஒரு நல்ல காரியம் செய்தார்கள். ஒவ்வொரு இதழும் தனித்தனியாகக் கடை போட வேண்டாம், எல்லாருக்கும் பொதுவாக ஒரே இடம் போதும் என்று முடிவு செய்தார்கள். ஜாக்ரப் பல்கலைக்கழகத்தின் கணினி மையம் 1971-ல் தொடங்கப்பட்டது. அதன் சுருக்கப் பெயருக்கு அவர்கள் மொழியில் 'இதயம்' என்று அர்த்தம் வருகிறது. அந்த மையம் 2006-ல் 'ஹர்ச்சாக்' என்ற இணையதளத்தைத் தொடங்கியது. அந்தச் சொல்லுக்கு ஹாம்ஸ்டர் என்று பொருள். கன்னத்துப் பைக்குள் தானியத்தை அடக்கிக்கொண்டு போய் வளையில் சேர்த்து வைக்கும் ஒரு எலி வகை. அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி நெல் எடுத்ததை நம் ஊர்ப் பெரியவர்கள் பார்த்திருப்பார்கள். சேர்த்து வைக்கிற பிராணியின் பெயரையே நூலகத்துக்கு வைத்துவிட்டார்கள்.

அது வேலை செய்யும் விதம் ரொம்ப எளிமையானது. நம் இ-சேவை மையம் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒவ்வொரு துறைக்கும் தனித்தனி அலுவலகத்துக்கு அலையாமல், ஒரே இடத்தில் பல சேவை. அங்கே ஒரு இதழின் ஆசிரியர் தன் கணக்கில் நுழைவார். கட்டுரைக் கோப்பை ஏற்றுவார். தலைப்பு, எழுதியவர் பெயர், சுருக்கம், முக்கியச் சொற்கள் இவற்றைப் பதிவார். பல இதழ்கள் சுருக்கத்தைக் குரோவேஷிய மொழி, ஆங்கிலம் இரண்டிலும் தருகின்றன. அந்த விவரங்களைத் தேடுபொறிகள் தாமாக எடுத்துக்கொள்கின்றன. உலகில் எந்த மூலையில் யார் தேடினாலும் கட்டுரை வந்து நிற்கும். கட்டுரையை எத்தனை தடவை பார்த்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கையும் அந்தப் பக்கத்திலேயே தெரியும். முந்நூறு பேருக்கு அச்சடித்த ஆசிரியருக்கு, ஒரு கட்டுரையை ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள் என்று தெரியும்போது எப்படி இருக்கும், சொல்லுங்கள்.

இன்றைக்கு அதில் 500-க்கும் மேற்பட்ட இதழ்கள், 2.5 லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் இருக்கின்றன. 38 லட்சம் பேர் இருக்கிற நாட்டில்! படிப்பவர் காசு கட்ட வேண்டாம், உறுப்பினர் ஆக வேண்டாம். போனில் தொட்டால் திறக்கும்.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். 'இலவசம்' என்று சொல்கிற எல்லாமும் ஒரே மாதிரி இல்லை. சில பெரிய பதிப்பகங்கள் படிப்பவரிடம் வாங்காமல், எழுதுகிறவரிடம் வாங்கும். புகழ்பெற்ற 'நேச்சர்' இதழ் 2021-ல் திறந்த அணுக்க முறையைக் கொண்டுவந்தபோது, ஒரு கட்டுரைக்கு 9,500 யூரோ என்று நிர்ணயித்தது. நம் பணத்தில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல். ஒரு சின்ன ஊர்க் கல்லூரி ஆசிரியர் இதைக் கட்ட முடியுமா? குரோவேஷிய இதழ்களில் பெரும்பாலானவை எழுதுகிறவரிடமும் வாங்குவதில்லை, படிக்கிறவரிடமும் வாங்குவதில்லை. இதை 'வைரத் திறந்த அணுக்கம்' என்கிறார்கள். உலகம் முழுவதும் இந்த மாதிரி இதழ்கள் 17,000 முதல் 29,000 வரை இருக்கலாம் என்று 2021-ல் வந்த ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

செலவே இல்லையா என்றால், இருக்கிறது. கணினி மையத்தின் செலவைப் பொதுப்பணம் ஏற்கிறது. இதழ்களுக்கு அறிவியல் அமைச்சகம் உதவித்தொகை தருகிறது. கட்டுரையைச் சரிபார்க்கும் அறிஞர்கள் ஊதியம் வாங்காமல் செய்கிறார்கள். ஆக, மக்கள் பணம் ஒரு தடவைதான் கொடுக்கிறார்கள். நம் தென்னை விவசாயி கேட்ட கேள்விக்குப் பதில் இதுதான்.

சேர்த்து வைப்பது ஏன் முக்கியம் என்றும் சொல்ல வேண்டும். இணையத்தில் போட்டால் என்றென்றும் இருக்கும் என்று நினைக்கிறோம். 2000-க்கும் 2019-க்கும் இடையில் 170-க்கும் மேற்பட்ட திறந்த அணுக்க இதழ்கள் இணையத்திலிருந்தே காணாமல் போனதாக ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். காரணம் பெரிசாக ஒன்றுமில்லாமலும் இருக்கலாம். ஆசிரியர் ஓய்வு பெற்றார், தளத்துக்கு வருடக் கட்டணம் கட்ட மறந்தார்கள், அவ்வளவுதான். பொது நிறுவனம் ஒன்று பொறுப்பெடுத்தால் இந்த ஆபத்து குறைகிறது.

இது முதல் பூட்டு. இரண்டாவது பூட்டுக்கு வருவோம், மொழி.

குரோவேஷியாவில் 'யெசிக்' என்று ஒரு இதழ். அந்தச் சொல்லுக்கே 'மொழி' என்று பொருள். 1952-ல் தொடங்கியது. புதிதாக உருவாகும் சொற்களில் சிறந்ததைத் தேர்ந்தெடுத்துப் பரிசு கொடுப்பதற்காக ஒரு போட்டியையும் அது நடத்தியது. ரோட்டில் போடுகிற வேகத்தடை இருக்கிறதே, அதை அங்கே மக்கள் 'படுத்திருக்கும் போலீஸ்காரர்' என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். அந்தப் போட்டியில் அதற்கு 'உஸ்போர்னிக்' என்ற சொல் பரிசு பெற்றது. வேகத்தைக் குறைப்பது என்று அர்த்தம். 'ஸ்பீடு பிரேக்கர்' என்று சொல்லிக்கொண்டிருந்த நமக்கு 'வேகத்தடை' வந்து, பலகையில் ஏறி, பழகிப்போன மாதிரி.

ஒரு மொழியில் ஆராய்ச்சி எழுதப்பட்டால்தான் அதற்கான சொற்கள் பிறக்கும். எழுதுவது நின்றால் சொற்கள் நிற்கும். பிறகு அந்த மொழியில் பாடப்புத்தகம் எழுதுவதும், டாக்டர் நோயாளிக்கு விளக்குவதும், அதிகாரி விவசாயிக்குச் சொல்வதும் கஷ்டமாகிவிடும். அங்கே 'ஷுமார்ஸ்கி லிஸ்ட்' என்ற வனவியல் இதழ் 1877 முதல் வருகிறது. பழைய இதழ்களையும் மின்னாக்கம் செய்து இணையத்தில் வைத்திருக்கிறார்கள். ஒரு காட்டைப் பற்றி அவர்கள் மொழியில் தலைமுறை தலைமுறையாக எழுதியதை, இன்றைக்கு ஒரு வனக்காவலர் போனிலேயே படிக்கலாம்.

எல்லாம் சுலபமாக நடக்கவில்லை. அங்கேயும் பதவி உயர்வு வேண்டுமென்றால் சர்வதேசப் பட்டியலில் உள்ள இதழில் எழுத வேண்டும், அது பெரும்பாலும் ஆங்கிலம். இளம் ஆய்வாளர் தன் மொழியில் எழுதினால் மதிப்பெண் குறையும். ஆங்கிலத்தை அவர்கள் ஒதுக்கவும் இல்லை. போர் நடந்த 1990-களின் தொடக்கத்தில் அங்கே ஆரம்பித்த 'குரோவேஷியன் மெடிக்கல் ஜர்னல்' ஆங்கில இதழ்தான். உலகத்தோடு பேச ஒரு மொழி, ஊரோடு பேச ஒரு மொழி என்று இரண்டையும் தூக்கிச் சுமக்கிறார்கள். இதே கவலை பின்லாந்திலும் உண்டு. அங்கே அறிஞர் சங்கங்களின் கூட்டமைப்பு 2017-ல் இதேபோல் ஒரு பொதுத் தளத்தைத் திறந்தது. 2019-ல் ஹெல்சிங்கியில் வெளியான ஒரு முன்முயற்சி, ஆராய்ச்சியை எல்லா மொழிகளிலும் மதிக்க வேண்டும், தாய்மொழியில் எழுதியவரைக் குறைத்து மதிப்பிடக் கூடாது என்று கேட்டுக்கொண்டது.

இதெல்லாம் நமக்கு என்ன என்று கேட்பீர்கள். நம் நாட்டில் 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துக்கு 2024 நவம்பரில் ஒப்புதல் கிடைத்தது. மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். சுமார் 13,000 இதழ்களை அரசுக் கல்லூரி, பல்கலைக்கழக மாணவர்களும் ஆசிரியர்களும் ஆய்வாளர்களும் படிக்கலாம். நல்ல விஷயம்தான், நம் பிள்ளைகளுக்குப் பயன். ஆனால் கல்லூரிக்கு வெளியே இருக்கிற தென்னை விவசாயியும், நோயாளியின் மகளும், ஓய்வுபெற்ற ஆசிரியரும் அந்தக் கணக்கில் வரமாட்டார்கள். அவர்களுக்குத் திறந்த இதழ்தான் வழி.

அதனால், போகும்போது மூன்று விஷயம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஒன்று, எந்தக் கட்டுரைக்காவது டாலர் கேட்டால் உடனே விட்டுவிடாதீர்கள். அதே தலைப்பைக் கூகுள் ஸ்காலரில் போட்டுப் பாருங்கள், 'எல்லாப் பதிப்புகளும்' என்ற இணைப்பைத் தொடுங்கள். எழுதியவரே வேறு இடத்தில் இலவசமாக வைத்திருக்கலாம். வேளாண்மைக்கு நான் சொன்ன வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் தளம் இருக்கிறது. முனைவர் பட்ட ஆய்வேடுகள் 'ஷோத்கங்கா'வில் லட்சக்கணக்கில் இருக்கின்றன, தமிழில் எழுதியவையும் உண்டு. பழைய தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகம் இருக்கிறது.

இரண்டு, படித்ததை அப்படியே மருந்தாக எடுக்காதீர்கள். கட்டுரையைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடமோ, வேளாண் அலுவலரிடமோ கேளுங்கள். கேள்வி தெளிவாக இருந்தால் பதிலும் தெளிவாக வரும்.

மூன்று, ஊரில் யாராவது பிள்ளைகள் ஆராய்ச்சி செய்தால் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "நீ கண்டுபிடிச்சதை நம்ம மொழியில் ஒரு பக்கம் எழுதி வைப்பியாப்பா?" ஒரு பக்கம் போதும். 38 லட்சம் பேர் பேசுகிற நாட்டில் ஒரு வளை நிறையச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். கோடிக்கணக்கான பேர் பேசுகிற மொழி நம்முடையது.

அந்த விவசாயிக்கு அன்றைக்கு நான் கட்டுரையை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். ஒரு மணி நேரம் ஆனது. கையில் இருந்த நோட்டில் எழுதிக்கொண்டார். கிளம்பும்போது, "இதை அடுத்த தோப்புக்காரருக்கும் காட்டலாமா சார்?" என்று கேட்டார். தாராளமாகக் காட்டுங்கள் என்றேன். அந்த நோட்டு இப்போது எத்தனை தோப்பு சுற்றியிருக்குமோ!